ராய் டிரான்டர் கேட்ட கையெழுத்து

கேட்கட்டும். தானாகவே வாயைத் திறந்து கேட்கட்டும். நான் ஒரு கேள்வி கேட்டு வழி திறந்துவிடப் போவதில்லை. மழையைப் பற்றிப் பேசி முடித்தாயிற்று. இடுப்பு வலியும் முடிந்தது. தேவாலயக் கூரையிலிருந்து ஈயத் தகட்டைத் திருடிக்கொண்டு போனவர்களையும் திட்டித் தீர்த்தாயிற்று. இன்னும் என்ன பாக்கி, நாய்களா?

"பக்கத்து வீட்டு நாய் செத்துப்போச்சு, தெரியுமா கண்ணு?" என்றார் ராய் டிரான்டர்.

லாரா பிரானிகன் சிரிப்பை விழுங்கிக்கொண்டு பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். அதையும் நகர்த்தக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் கை தன் வேலையைச் செய்துவிட்டது. வளர்ப்பு அப்படி.

பள்ளி விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. துப்புரவு செய்யும் பெண் வகுப்பறை நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைகள்மேல் ஏற்றும் சத்தம் தாழ்வாரத்தில் கேட்டது. இருபது வருடங்களுக்கு மேலாக விச்புரூக் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியையாக இருப்பவளுக்கு, சுற்றி வளைக்கிறவர்கள் எப்போது விஷயத்துக்கு வருவார்கள் என்பது நன்றாகத் தெரியும். தேநீர் கோப்பையின் பாதிக்குக் கீழே இறங்க வேண்டும்.

இறங்கியது.

"ஒரு சின்ன உதவி," என்றார் ராய். "உன்னை மாதிரி பதவியில இருக்கறவங்கதான் செய்ய முடியும். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

கோட்டின் உள்பையிலிருந்து பழுப்பு உறை ஒன்றை எடுத்தார். அதிலிருந்து இரண்டு புகைப்படங்கள் வெளியே வந்தன. எழுபத்தைந்தைத் தாண்டிய செம்முகம், சிரிக்கக் கூடாது என்று யாரோ சொல்லியிருந்ததால் திருடனைப் போல முழித்துக்கொண்டிருந்தது.

"பின்பக்கம் போடணும். இது நான்தான்னும், என்னை உனக்கு நல்லாத் தெரியும்னும்."

"பாஸ்போர்ட்டா? புதுப்பிக்கிறதுக்கு இதெல்லாம் வேண்டாமே ராய் அங்கிள்."

"இது வேற." அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். நாற்காலிச் சத்தம் தள்ளிப் போயிருந்தது. "அயர்லாந்து."

லாரா கோப்பையைத் தட்டில் வைத்தாள். மெதுவாக, சத்தம் வராமல். உள்ளுக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டது.

விச்புரூக்கில் இங்கிலாந்து என்றால் ராய் டிரான்டர்தான். ஏப்ரலில் இங்கிலாந்தின் காவல் புனிதரான செயின்ட் ஜார்ஜின் நாள் வருகிறதென்றால், மார்ச் பாதியிலேயே ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெரு முழுக்க விளக்குக் கம்பங்களில் இங்கிலாந்தின் சிவப்புச் சிலுவைக் கொடி கட்டுகிறவர் அவர். விழாக் குழுவின் தலைவர். ஐரோப்பாவை விட்டு வெளியேற வேண்டும் என்று வாக்கெடுப்பு வந்தபோது, தன் வேனின்மேல் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினவர்.

"ஷீலாவுக்கு நுரையீரல் சரியில்ல," என்றார், மனைவியைப் பற்றி. "இங்க இருக்கற ஈரம் ஒத்துக்கல. ஸ்பெயின்ல வாங்கிப் போட்ட வீடு சும்மாக் கெடக்கு. மூணு மாசத்துக்கு மேல இருக்கக் கூடாதுங்கறான். நாங்க என்ன அகதிங்களா? சொந்த வீடு அது!"

"வெளியேறணும்னு ஓட்டுப் போட்டது நீங்கதானே?"

"போட்டேன்தான். இதுக்கா போட்டேன்? அவனுங்க இங்க வரக் கூடாதுன்னு போட்டேன். நாம அங்க போகக் கூடாதுன்னா போட்டேன்?" அவர் உண்மையாகவே புண்பட்டிருந்தார். "ஐரிஷ் பாஸ்போர்ட் இருந்தா எவ்வளவு நாள் வேணும்னாலும் இருக்கலாமாம். ஷீலாவையும் கூட வெச்சுக்கலாமாம்."

"அவங்க எப்படி உங்களுக்குத் தருவாங்க?"

பிஸ்கட்டைத் தேநீரில் முக்கினார். அது உடைந்து உள்ளே விழுந்தது. கரண்டியால் அதைத் தேடிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "எங்கம்மாவோட அம்மா. ஹனோரா ஜெரட்டி. அயர்லாந்துல மேயோ பக்கம் பொறந்தாங்க. அதுவே போதுமாம்."

"அவங்க வடக்கத்திக்காரங்க, லங்காஷயர்னுதானே சொல்லிட்டிருந்தீங்க?"

"லிவர்பூலும் லங்காஷயர்தானே. அங்கதான் கப்பல் வந்து நின்னுது."

லாரா ஜன்னலைப் பார்த்தாள். விளையாட்டுத் திடலில் மழை, ஆள் இல்லாத ஊஞ்சல்மேல் பெய்துகொண்டிருந்தது. சிரிக்கவும் வேண்டும்போல் இருந்தது, அந்தக் கரண்டியைப் பிடுங்கி எறியவும் வேண்டும்போல் இருந்தது.

"வேற யார்கிட்டயும் கேட்கலையா?"

"யாரு இருக்கா? பேங்க் மேனேஜர் போடலாமாம். பேங்க்கே இல்ல, காப்பிக்கடை ஆயிடுச்சு. போலீஸ் போடலாமாம். ஸ்டேஷனை இடிச்சு அடுக்குமாடி கட்டிட்டான். வக்கீல் செத்துட்டாரு. அந்த ரெவரெண்ட் ஃபிலிப்பா அம்மாகிட்ட சொன்னா, ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல வந்துரும்."

"டாக்டர் மஹ்மூத்?"

ராயின் கழுத்து சிவந்தது. போன வருடம் மருத்துவமனைக் கம்பத்தில் அவர் கட்டிய கொடி காற்றில் ஜன்னலில் படபடவென்று அடித்தது. நோயாளியின் நெஞ்சுச் சத்தத்தைக் கேட்க முடியவில்லை, கொஞ்சம் தள்ளிக் கட்ட முடியுமா என்று டாக்டர் பணிவாகக் கேட்டார். பிடிக்காவிட்டால் கொடி இல்லாத நாட்டுக்குப் போகலாமே என்று ராய் உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதினார். டாக்டர் அதற்குப் பிறகும் ராயின் இரத்த அழுத்தத்தைத் தொடர்ந்து பார்த்து வந்தார்.

"அவருகிட்ட எப்படிப் போறது, நீயே சொல்லு. உனக்குன்னா புரியும். நீ நம்ம மிக்கோட பொண்ணு. வெளிய சொல்ல மாட்ட."

நம்ம மிக். அவள் அப்பாவின் பெயர் கோல்ம். அவரும் ராயும் வேலை பார்த்த தொழிற்சாலையில் எல்லா ஐரிஷ்காரர்களும் மிக்தான். பெயரைக் கற்றுக்கொள்வது கூடுதல் வேலை.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க," என்றாள் லாரா. "பேசலாம். உறையை நீங்களே வெச்சிருங்க, இங்க தொலைஞ்சுடப் போகுது."

அவர் போன பிறகு தட்டில் மிச்சமிருந்த பிஸ்கட் அத்தனையையும் நின்றபடியே தின்றாள். உடம்பு முழுக்கச் சூடாக இருந்தது. இப்படியொரு சந்தோஷம் வந்து எத்தனை காலமாயிற்று என்று யோசித்தாள். நல்ல சந்தோஷம் இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

*

லாராவுக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஒரு நவம்பர் மாலையில் பர்மிங்காமில் இரண்டு மதுக்கூடங்களில் குண்டு வெடித்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் சின்ன வயதுக்காரர்கள். குண்டு வைத்தது பிரிட்டனை எதிர்த்துப் போராடும் ஐரிஷ்காரர்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அப்பா வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுததை லாரா பார்த்தாள். செத்தவர்களுக்காக அழுகிறார் என்று நினைத்தாள். அது சரிதான். ஆனால் அது மட்டுமில்லை.

அடுத்த வாரம் வேலைக்குப் போனார். கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை. அவரும் ராயும் ஒரே தெரு, ஒரே இயந்திர வரிசை. ராயின் காரில்தான் தினமும் போவார். அன்று ராய் கார் நிறுத்தவில்லை. அப்பா நடந்து போனார்.

கேன்டீனில் நடந்ததை அப்பா ஒருநாளும் சொல்லவில்லை. அவர் இறந்த பிறகு அம்மாதான் சொன்னாள். ஐரிஷ்காரனோடு வேலை செய்ய மாட்டோம் என்று ஆட்கள் இயந்திரங்களை நிறுத்தினார்கள். கோல்ம் பிரானிகனைச் சாப்பாட்டு மேசைமேல் ஏற்றினார்கள். தேசிய கீதத்தைப் பாடு என்றார்கள். அவருக்கு முதல் வரிக்குமேல் தெரியவில்லை. ராய் டிரான்டர் மேசைக்குக் கீழே நின்று, குழந்தைக்குச் சொல்லித் தருவதுபோல, ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுத்தார். அப்பா திருப்பிப் பாடினார். முடிந்ததும் யாரோ, "ரெண்டாவது பத்தியையும் பாடச் சொல்லுடா!" என்று கத்தினான். அப்போதுதான் தெரிந்தது, அந்தக் கேன்டீனில் ஒருவனுக்கும் இரண்டாவது பத்தி தெரியாது. ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். அதோடு கலைந்து வேலைக்குப் போனார்கள்.

அன்றிலிருந்து அப்பா வெளியில் வாய் திறக்கவில்லை. வீட்டுக்குள் பேசினார், சிரித்தார், சண்டை போட்டார். வாசற்படியைத் தாண்டினால் ஊமை. பேச்சுதான் காட்டிக்கொடுக்கும். பேருந்தில் சரியான சில்லறையை நீட்டுவார். ரொட்டிக் கடையில் விரலைக் காட்டுவார். பக்கத்தில் நிற்கும் லாரா, "ஒரு பெரிய வெள்ளை ரொட்டி கொடுங்க, நறுக்கினது," என்பாள். அவள் பேச்சு அந்த ஊர்ப் பேச்சு. அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. அப்பாவின் இங்கிலாந்து வாய் அவள்தான். அந்த வேலையில் அவளுக்குப் பெருமைகூட இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசும். அவள் பெயர்கூட அந்தக் குளிர்காலத்தில்தான் மாறியது. அப்பா வைத்தது ஓர்லா என்ற ஐரிஷ் பெயர். அம்மா தெருவில் நின்று, "லாரா, லாரா, உள்ள வா," என்று கூப்பிட்டாள். யாரைக் கூப்பிடுகிறாள் என்று புரியாமல் குழந்தை நின்றுகொண்டிருந்தது.

அப்பாவின் இறுதிச் சடங்குக்கு ராய் கறுப்பு டை கட்டிக்கொண்டு வந்தார். லாராவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தங்கமான மனுஷன். நம்மள்ல ஒருத்தனாவே இருந்துட்டுப் போனான். ஒரு சத்தம் இருக்காது."

ஒரு சத்தம் இருக்காது. இருபது வருடமாக அந்த வாக்கியம் அவளுக்குள் இருந்தது. சில இரவுகளில் அதை எடுத்துத் தீட்டிக் கூர் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே வைப்பாள்.

அவளுக்கு ஐரிஷ் பாஸ்போர்ட் உண்டா என்று கேட்டால், கிடையாது. அப்பா அங்கே பிறந்தவர், கேட்டால் உடனே கிடைக்கும். ஸ்பெயினுக்குப் போகிற தோழிகள், எடுத்துக்கொள், உனக்கென்ன பைத்தியமா என்றார்கள். எடுக்கவில்லை. எடுத்தால் அந்தக் கேன்டீன் சொன்னது சரியென்று ஆகிவிடும், இவள் வேறு ஊர்க்காரி என்று. என்னை இங்கிருந்து யாரும் நகர்த்த முடியாது. நான் இங்கே பிறந்தவள். உங்கள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறவள். உங்கள் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஆட்டுக்குட்டித் தொப்பி தைக்கிறவள். அவளுடைய தேசப்பற்றை யாராவது உரித்துப் பார்த்தால் அடியில் வன்மம்தான் இருக்கும். மற்றவர்களுக்கு என்ன இருக்கிறதோ, அவளுக்குத் தெரியாது.

*

ஞாயிற்றுக்கிழமை ராய் தன் தோட்டத்து ருபார்ப் என்ற புளிப்புத் தண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தார். சமையலறை மேசையில் உட்கார்ந்ததும் முதலில் உறையை எடுத்து முன்னால் வைத்தார். லாரா அதைத் தொடவில்லை.

"எனக்கு உங்களைத் தெரியும்னுதானே நான் எழுதிக் கொடுக்கணும்?" என்றாள். "அப்ப உங்க பாட்டியைப் பத்திச் சொல்லுங்க. அவங்களைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாதே."

அவரை நெளியவைப்பதுதான் நோக்கம். ஆனால் ராய் நெளியவில்லை. கேட்க ஒரு ஆள் கிடைத்ததும் முகம் இளகிவிட்டது. பாட்டி அவர்கள் வீட்டில்தான் இருந்தாளாம். ஏப்ரனுக்கு அடியில் ஜெபமாலை வைத்திருப்பாளாம். அடுப்பில் சோடா ரொட்டி சுடுவாளாம்.

"அந்த வாசனைக்காகவே நான் ஸ்கூல்லேருந்து ஓடி வருவேன். ராத்திரி அவங்க கட்டில்லதான் தூக்கம். யாராவது வீட்டுக்கு வந்தா மட்டும் எங்கம்மா அவங்களை மாடிக்கு அனுப்பிடும். பேச்சு கேட்கக் கூடாதுல்ல. கெழவி படியில உட்கார்ந்து, இவங்க எப்படா போவாங்கன்னு என்னைப் பார்த்துக் கண்ணடிக்கும்." சிரித்தார். "பாவம்."

படியில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கிழவியை லாராவுக்குப் பிடித்துப்போனது. பிடித்தது எரிச்சலாக இருந்தது.

"கேன்டீன் ஞாபகம் இருக்கா?" என்றாள், குரலை மாற்றாமல். "எங்கப்பா பாடினது?"

இந்தக் கேள்வியை அவள் கண்ணாடி முன்னாலும் குளியலறையிலும் காரிலும் பலமுறை கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அவர் முகம் வெளுக்கும். இல்லை என்று மறுப்பார், அல்லது அழுவார்.

"அடடா, மறப்பேனா!" என்றார் ராய் உற்சாகமாக. "நான்தானே உங்கப்பாவைக் காப்பாத்தினேன்!"

அவள் எழுந்து போய்க் கெட்டிலைப் போட்டாள்.

"உனக்குத் தெரியாதுல்ல? அவரு சொல்லியிருக்க மாட்டாரு. அன்னைக்கு அவனுங்க வெறி பிடிச்சு நின்னானுங்க. ரெண்டு பேர் கையில ஸ்பானர். ஒருத்தனோட தங்கச்சி அந்தப் பப்புல செத்துப்போயிருந்தா. கேட்டுக்கு வெளிய தூக்கிப் போடணும்னானுங்க. நான்தான் குறுக்க விழுந்து, பாடச் சொல்லுங்கடா, பாடிட்டா நம்ம ஆளுதானேன்னேன். பாடினாரு. வேலை நிலைச்சுது. அதே வேலைலதானே ஓய்வு வரைக்கும் இருந்தாரு? உன்னை அந்தச் சம்பளத்துலதானே படிக்க வெச்சாரு?"

கெட்டில் கொதித்துத் தானாக அணைந்தது. உண்மையாக இருக்கலாம் என்று லாராவுக்குத் தோன்றியது. ஸ்பானர் இருந்திருக்கலாம். இந்த மனிதர் ஒருவேளை உயிரையே காப்பாற்றியிருக்கலாம். இத்தனை வருடம் தீட்டி வைத்திருந்த கத்தி கையில் மழுங்குவதை உணர்ந்தாள். அதற்காக அவர்மேல் இன்னும் கோபம் வந்தது. காப்பாற்றினாராம். என்ன விலைக்கு? அந்த விலையைச் சொல்ல இவருக்கு யார் உரிமை கொடுத்தது?

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா," என்றாள், "உங்க பாட்டி ஐரிஷ்னு?"

"இதென்ன கேள்வி? இப்பத்தானே சொன்னேன், அவங்க கட்டில்லதான் தூங்குவேன்னு."

"தெரிஞ்சும் எடுத்துக் கொடுத்தீங்க. ஒவ்வொரு வரியா."

"தெரிஞ்சதாலதான் கண்ணு." பெயின்ட் விலையைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். "யாராவது என் பக்கம் திரும்பிடக் கூடாதுல்ல. அங்க இருந்த எல்லாரையும்விட நான்தான் சத்தமா இருக்க வேண்டியிருந்துச்சு."

சொல்லிவிட்டு மேசையைச் சுற்றிப் பார்த்தார்.

"பேனா இருக்கா?"

தான் சொன்னது அவர் காதிலேயே விழவில்லை. ஐம்பது வருடமாக ஏணியில் ஏறிக் கொடி கட்டுகிற ஒரு மனிதனின் முழுக் கதையும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அவரோ பேனா தேடிக்கொண்டிருந்தார். லாராவுக்கு அவர்மேல் இரக்கம் வருவது தெரிந்தது. கதவைச் சாத்துவதுபோல அதைச் சாத்தினாள்.

"செயின்ட் ஜார்ஜ் ஊர்வலத்தன்னைக்கு டீ மேசையில இருப்பேன்," என்றாள். "அங்க வந்து கேளுங்க."

"அன்னைக்கு ஊரே இருக்குமே?"

"கூட்டத்துல யாரு கவனிக்கப் போறாங்க."

அவர் போன பிறகு ருபார்ப்பை நறுக்கிச் சர்க்கரை போட்டு வேகவைத்தாள். வீணாக்க மனம் வரவில்லை. பிறகு தேசிய கீதத்தின் இரண்டாவது பத்தியைத் தேடி எடுத்தாள். அவளுக்கும் அது தெரியாது.

*

செயின்ட் ஜார்ஜ் நாளில் வெயிலும் தூறலும் மாறி மாறி வந்தன. அந்தப் புனிதர் கொன்றதாகச் சொல்லும் டிராகனைப் பிள்ளைகள் காகிதக் கூழில் செய்திருந்தார்கள்; அது மழையில் ஊறி, ஊர்வலம் கடைத்தெருவுக்கு வருவதற்குள் தாடை தொங்கிவிட்டது. ராய் நீலக் கோட்டில் சிவப்பு ரோஜா குத்திக்கொண்டு மேடையில் நின்றார். ஷீலா முன்வரிசையில் சக்கர நாற்காலியில், கம்பளிக்குள் புதைந்து, எல்லாரையும் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்கிலீஷ்காரன்னா யாருன்னு இப்பல்லாம் கேட்கறாங்க," என்றார் ராய் ஒலிபெருக்கியில். "நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. நமக்குத் தெரியும். ரத்தத்துல இருக்கு."

கைதட்டல். லாரா பிள்ளைகளை மேடையில் மூன்று வரிசையாக நிறுத்தினாள். மைக்கை வாங்க அவள் கை நீட்டியபோது ராய் ஒரு கணம் அதை விடவில்லை. அவர் கண்களில் இருந்ததை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். இப்போது இவள் சொல்லிவிடுவாளோ. அந்தப் பயத்தைச் சப்புக்கொட்டி ருசித்தாள்.

தேசிய கீதத்தின் முதல் பத்தியைக் கூட்டம் முழுக்க எழுந்து நின்று பாடியது. வழக்கம்போல எல்லோரும் உட்காரப் போனார்கள்.

"இருங்க," என்றாள் லாரா. "இந்த வருஷம் பிள்ளைங்க ரெண்டாவது பத்தியும் கத்துக்கிட்டு வந்திருக்காங்க. அதை நம்ம தலைவர் மிஸ்டர் டிரான்டர் முன்னால நின்னு பாடுவார். நாம அவர் பின்னால."

மைக்கை அவர் கையில் வைத்தாள்.

பிள்ளைகள் தொடங்கினார்கள். ராயின் வாய் திறந்தது. எதுவும் வரவில்லை. முன்வரிசையில் நின்றிருந்த பெண் குழந்தை ஒருத்தி அவர் கோட்டைப் பிடித்து இழுத்து, அடுத்த வரியைக் காதில் விழும்படி எடுத்துக் கொடுத்தாள். அவர் லாராவைப் பார்த்தார்.

இதோ. இதுதான். நில், இதில் நில். எத்தனை பேர் பார்க்கிறார்கள் பார்.

ராய் இரண்டு கைகளையும் விரித்தார். "லா லா லா!" என்று உரக்கப் பாடினார். கூட்டம் வெடித்துச் சிரித்தது. அவரும் சிரித்தார். மேடை ஓரத்துக்கு வந்து நாடகக்காரனைப் போலக் குனிந்து வணங்கினார். விசில் பறந்தது. யாருக்கும்தான் தெரியவில்லை. ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். பின்னாலிருந்து இறைச்சிக் கடைக்காரன் கத்தினான்: "ராய்! உன் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிடப் போறாங்க!"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், ராயின் முகத்தில் இரத்தம் இல்லை. பிறகு மறுபடி சிரித்தார். கைதட்டல் முன்னைவிடப் பலமாக எழுந்தது. ஷீலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லாரா பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றாள். கூட்டத்துக்கு ராயை இன்னும் அதிகமாகப் பிடித்துவிட்டது. பாட்டு மறந்ததால் அவர் இன்னும் கொஞ்சம் அவர்களுடையவர் ஆகிவிட்டார். அதே பாட்டு, அதே மறதி. ஒருவனுக்கு அது விளையாட்டு. இன்னொருவனுக்கு மேசைமேல் ஏற்றப்படுவதற்கான குற்றம். அதில் தோற்றுப்போகலாம், சிரித்துக்கொண்டே இறங்கலாம், யாரும் ஸ்பானர் எடுக்க மாட்டார்கள் என்ற அந்த நிம்மதி இருக்கிறதே, அதற்குத்தான் ஊரில் இங்கிலீஷ்காரனாக இருப்பது என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் அப்பாவுக்கு ஒருநாளும் அது கிடைத்ததில்லை. ராய்க்குக்கூட அது இரவல்தான். நாலு பேருக்குத் தெரிந்தால் திருப்பிக் கேட்பார்கள் என்று ஐம்பது வருடமாகப் பயந்துகொண்டிருக்கிறார்.

பிள்ளைகள் பத்தியைப் பாடி முடித்தார்கள். யாரும் கவனிக்கவில்லை.

*

தேநீர்க் கூடாரத்தில் வரிசை வாசலைத் தாண்டி நீண்டிருந்தது. லாரா பெரிய எவர்சில்வர் பாத்திரத்தின் குழாயைத் திருப்பித் திருப்பிக் கோப்பைகளை நிரப்பினாள். ராய் வரிசையில் வந்தார். தலைவர்தானே, முன்னால் போங்கள் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அதெப்படி என்று மறுத்துவிட்டு, தன் முறைக்காக நின்றார். வழியெல்லாம் முதுகில் தட்டு வாங்கிக்கொண்டு, லா லா லா என்று யாராவது பாடினால் சிரித்துக்கொண்டு வந்தார்.

மேசைக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. உறை அவர் கையில் இருந்தது. மடித்த செய்தித்தாளுக்கு அடியில் வைத்து அவள் பக்கம் தள்ளினார்.

"வேணும்னேதானே பண்ணின?" என்றார் தணிந்த குரலில்.

"ஆமா."

"உங்கப்பாவுக்காகவா?"

அவள் குழாயை மூடினாள்.

"நான் அதைப் பத்தி யோசிச்சேன், லாரா. அந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம். தூக்கம் வரல." அவர் செய்தித்தாளின் மடிப்பை விரலால் நீவினார். "சாரி. அதைத்தான் சொல்ல வந்தேன். சாரி."

அந்த வரிசையில் மட்டும் அவள் அந்தச் சொல்லை அன்று பலமுறை கேட்டுவிட்டாள். காலை மிதித்தவர் சொன்னார், மிதிபட்டவரும் சொன்னார். சர்க்கரை கேட்டவர் சொன்னார். நாற்காலியில் இடித்துக்கொண்ட ஒருவர் நாற்காலியிடம் சொன்னார். ராய் மனதாரத்தான் சொல்கிறார் என்பது தெரிந்தது. ஆனாலும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதை வாங்க வேண்டிய அப்பா இல்லை. அவர் சார்பில் கடையில் ரொட்டி வாங்கலாம். இதை வாங்க முடியாது.

"போட்டுக் கொடு கண்ணு. ஷீலாவுக்காக. இங்க இன்னொரு குளிர்காலம் அவ தாங்க மாட்டா."

"ஷீலா ஆன்ட்டி போகட்டும். கட்டாயம் போகணும்." அவள் உறையின்மேல் விரல்களை வைத்தாள். அவர் முகம் மலர்ந்தது. அப்படியே அதைத் திருப்பி, மேசை விரிப்பின்மேல் மெல்ல அவர் பக்கம் நகர்த்தினாள். "டாக்டர் மஹ்மூத் அந்த வாசல்கிட்ட நிக்கிறார், பாருங்க. ரெவரெண்ட் ஃபிலிப்பா கேக் மேசையில இருக்காங்க. ரெண்டு பேர்ல யார்கிட்ட வேணும்னாலும் கேளுங்க. போட்டுக் கொடுப்பாங்க. மாட்டேன்னு சொல்றவங்க இல்ல அவங்க."

"எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே."

"ஆமா, தெரிஞ்சுடும்."

"லாரா." அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு இது ஒரு நிமிஷ வேலை."

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். இன்னொருவர், அவசரம் ஒன்றும் இல்லை என்றார், அவசரமாக. வரிசை ஒரு அங்குலம் முன்னால் நெருங்கியது. ராய் திரும்பிப் பார்த்து, கை தூக்கி, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். குரல் எழுப்ப முடியாது. அங்கே நிற்கவும் முடியாது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவள் ஒரு கோப்பையை நிரப்பி, உறைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நான் போட மாட்டேன், ராய் அங்கிள்," என்றாள். குரல் உயரவில்லை. பக்கத்தில் கேக் நறுக்கிக்கொண்டிருந்தவளுக்குக்கூடக் கேட்டிருக்காது.

பிறகு அவருடைய தோளைத் தாண்டி, அடுத்து நின்ற பெண்மணியைப் பார்த்தாள்.

"சொல்லுங்க மிஸஸ் அட்கின். உங்களுக்கு டீயா, காப்பியா?"